இருபத்தாறு போத்தல்களும் கடிதத்தின் மற்றப் பக்கமும்

1

புலம்பெயர்ந்தவனுக்கு வருடத்தில் இரண்டு புது வருடங்கள். சனவரியில் வருவது சபதம் எடுப்பதற்கு. சித்திரையில் வருவது, சனவரியில் எடுத்துக் கைவிட்ட சபதத்தை மறுபடி எடுப்பதற்கு. ஊரில் உங்களுக்கும் இரண்டும் உண்டுதான். ஆனால் மைனஸ் இருபத்தைந்து குளிரில் ஒருவன் எடுக்கும் சபதம் சட்டப்படி செல்லாது என்பது எங்கள் கட்சி. எங்கள் என்றால் நானும் குகனும். கட்சியில் வேறு அங்கத்தவர்கள் இல்லை.

நாங்கள் இருவரும் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள். இதை வாசித்துவிட்டு யாரும் என் மாமியாருக்குத் தகவல் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம். அவருக்குத் தெரியும். சொந்தப் பாவனைக்குக் காய்ச்சுவது இங்கே குற்றமுமில்லை. சாமான் விற்பதற்கென்றே கடை இருக்கிறது. கடைக்காரர் மோல்ட் என்கிற முளைதானிய மூட்டையைத் தானே தூக்கிக் காருக்குள் வைத்து, நல்லாக வரட்டும் என்று பிரெஞ்சில் வாழ்த்தியும் அனுப்புவார். ஆனால் காய்ச்சுவது என்ற சொல்லோடு கசிப்பு என்கிற கள்ளச்சாராயமும் பொலிஸ் ஜீப்பும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருகிற இடத்தில் பிறந்தவன் நான். ஆகவே கனடாவில், பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் உள்ள எங்கள் வீட்டு நிலவறையின் குட்டி யன்னலுக்குத் திரை போட்டுத்தான் பதினொரு வருடமாகக் காய்ச்சினோம். குகன் திரையை விலக்குவான். நான் மூடுவேன். கொதித்து முடிவதற்குள் இது ஏழெட்டுத் தடவை நடக்கும்.

ஒவ்வொரு வருடமும் சனவரி முதலாம் திகதி, கோயில் கலண்டரிலிருந்து கிழித்த டிசம்பர் தாளின் பின்பக்கத்தில் அந்த வருடத்துக்கான பியர் இலக்குகளை எழுதி நிலவறைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவோம். பழைய தாள்கள் எல்லாம் அடியில் அப்படியே இருக்கின்றன. முதல் வருடம்: போத்தல் வெடிக்காமல் பார்த்தல். இரண்டாம் வருடம்: கடையில் வாங்கியதைப் போல வரச் செய்தல். மூன்றாம் வருடம்: கடையில் வாங்கியதைப் போல வராமல் பார்த்தல். நான்காம் வருடத்தில் சாந்தினியின் எழுத்தில் ஒன்று இருக்கிறது: என் புட்டுப் பானையைத் தொடாமல் இருத்தல். சாந்தினி என் மனைவி. அந்த இலக்கு இன்றுவரை நிறைவேறவில்லை.

போன வருடம் ஒரேயொரு இலக்கு எழுதினோம். பனங்கட்டி போட்டுத் தடித்த கறுப்புப் பியர் ஒன்று காய்ச்சி, போத்தலில் அடைத்து, ஒரு வருடம் திறக்காமல் வைத்திருப்பது. கேட்க இலேசான விஷயம். எங்களால் எதையும் மூன்று கிழமைக்கு மேல் திறக்காமல் வைத்திருக்க முடிந்ததில்லை. இருபத்தாறு போத்தல் வந்தது. திருட்டுத்தனமாக ஒன்றை நான் எடுத்துவிடுவேன் என்று குகன் ஒவ்வொரு மூடியிலும் கறுப்பு மையால் இலக்கம் எழுதினான். என்னைப் பற்றி அவனுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

குகன் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் பாரவண்டிக்காரன். அவன் கொண்டுவந்து நிறுத்துவதை இறக்குகிற களஞ்சியத்தில் எனக்கு வேலை. அவன் கல்யாணம் கட்டாதவன். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ட். செப்டெம்பரில் முதுகு நோ என்று போனவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். நவம்பரில், இனிச் சிகிச்சை இல்லை, வலியை மட்டும் பார்ப்போம் என்கிற விடுதிக்கு மாற்றினார்கள்.

"ஒண்டைத் திறப்பமே?" என்று அப்போதே கேட்டேன்.

"இலக்கெண்டா இலக்கு. முதலாம் திகதி கொண்டு வா. அதுமட்டும் நான் எங்கையும் போகேல்லை" என்றான்.

2

டிசம்பர் இருபத்தொன்பதாம் திகதி காலை. களஞ்சியம் லீவு. சாந்தினி தான் வேலை செய்யும் கார்டெரியில் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டாள். நான் பனி வழித்துவிட்டுத் தபாற்பெட்டியைத் திறந்தேன். நகரசபையின் முத்திரையோடு ஒரு நீளக் கடித உறை.

என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடத்தில் ஒரு களஞ்சியத்துக்குத் தேவையான அளவு படித்திருக்கிறேன். இடம், வலம், தூக்கு, மெல்ல, சாப்பாட்டு நேரம், பிறகு எட்டு விதமான தூஷணம். நகரசபைக்காரர் இவற்றில் எதையும் கடிதத்தில் எழுதுவதில்லை. ஆனாலும் மூன்று சொற்கள் விளங்கின. பரிசோதகர். நிலவறை. கட்டாயம்.

வழக்கமாக இப்படியான கடிதங்களைப் படமெடுத்து மகளுக்கு அனுப்புவேன். ஆரணி ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டு வெளிவிவகார அமைச்சர். வரிக் கடிதம், பாடசாலைக் கடிதம், என்னுடைய மூலவியாதி பற்றி வைத்தியர் எழுதிய கடிதம் வரைக்கும் வாசித்துச் சொன்ன பிள்ளை. இப்போது இருபத்துநான்கு வயது. நகருக்குள் சிநேகிதிகளோடு வாடகைக்கு இருக்கிறாள். நாலு நாளுக்கு முதல் நத்தார் அன்று வந்தபோது, "அப்பா, ஒவ்வொரு பேப்பருக்கும் என்னைக் கூப்பிடாதீங்கோ. போனிலையே மொழிபெயர்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. ஆகவே இந்த முறை அனுப்பவில்லை. ரோஷக்காரனாம்.

பிறகு என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது அமைதியான நேரங்களில் வேலை செய்வதில்லை.

நிலவறையில் இருபத்தாறு போத்தல். இருபத்தாறு போத்தல் வைத்திருப்பவன் குடிகாரன், இல்லாவிட்டால் வியாபாரி. குடிகாரன் இல்லை என்று நிரூபித்தேனென்றால் வியாபாரி. மூடியில் இலக்கம் வேறு போட்டிருக்கிறது, வியாபாரியேதான். வியாபாரி என்றால் அனுமதிப் பத்திரம் எங்கே. பத்திரம் இல்லாவிட்டால் வழக்கு. வழக்கென்றால் பழைய கோப்பை எடுப்பார்கள். பழைய கோப்பில் என் அகதி விசாரணை இருக்கிறது. அந்த விசாரணையில் நான், எனக்கு மதுப் பழக்கம் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளரே ஒருகணம் நிறுத்தி, "தம்பி, உதையும் சொல்லவேணுமோ?" என்று கேட்டார். சொல்லுங்கோ ஐயா என்றேன். ஆகவே பொய்ச் சாட்சியம். குடியுரிமை போகும். இந்த வயதில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி நிற்பேன், கையில் புட்டுப் பானையோடு.

வாசலில் இருந்து நிலவறைக்குப் பதின்மூன்று படி. இந்தச் சங்கிலி முழுவதும் அந்தப் பதின்மூன்று படிக்குள் ஓடி முடிந்துவிட்டது.

ஒவ்வொன்றாகத் திறந்து, தரையில் இருக்கும் வடிகாலுக்குள் ஊற்றினேன். ஒரு வருடம் இருந்த பியர் இலேசில் போகாது. நுரை பொங்கி வடிகால் வாயில் மண்ணிறத் தொப்பி மாதிரி நிற்கும், அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏழாவது போத்தலில், ஒன்றையாவது ஒளித்து வைப்போமா என்று நினைத்தேன். ஒன்று இருந்தாலும் ஆதாரம்தான் என்று என் வக்கீல் சொன்னார். வக்கீலும் நானேதான். பத்தொன்பதாவது கையில் வழிந்தது. கையைத் துடைக்கத் துணி தேடி, கிடைக்காமல், நக்கினேன். நக்கிவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். பிறகு இருபதாவதைத் திறந்தேன். இதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதுவரைக்கும் பயத்தில் ஊற்றினேன் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு, எது போகிறது என்று தெரிந்துகொண்டு ஊற்றினேன்.

சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டு வடிகாலைத் தேய்த்தேன். போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்தேன், பழக்கதோஷம். மூடிகளை மட்டும் எறிய மனம் வரவில்லை. இருபத்தாறையும் என் குளிர்ச் சட்டையின் இரண்டு பொக்கற்றுக்குள்ளும் போட்டேன். ஆதாரத்தை அழிப்பதில் என் திறமை அவ்வளவுதான்.

பின்னேரம் சாந்தினி வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே மோந்து பார்த்தாள். "என்ன, வீடு கள்ளுத் தவறணை மாதிரி மணக்குது?"

சொன்னேன். அவள் அழுவாள் என்றோ ஏசுவாள் என்றோ நினைத்தேன். படியில் இருந்து, "குகனுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

3

முப்பத்தோராம் திகதி ஆரணி வந்தாள். மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து, நின்றபடியே வாசித்தாள். அவள் வாசிக்கும்போது உதடு அசைவதில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி வாசிக்கும் முதல் ஆள்.

"இது வெள்ளத்துக்கு, அப்பா. ஆறு பெருகினா வடிகாலாலை தண்ணி திரும்பி மேலை வராமல் ஒரு வால்வ் இருக்கவேணும். அது எல்லாற்றை வீட்டிலையும் இருக்கோ எண்டு பாக்கினம். சனவரி கடைசியிலை வருவினம். ஃப்ரீ."

"அப்பிடி எங்கை போட்டிருக்கு?"

"மற்றப் பக்கத்திலை." கடிதத்தைத் திருப்பிக் காட்டினாள். வடிகாலின் படம்கூடப் போட்டிருந்தார்கள், அம்புக்குறியோடு. "நீங்கள் திருப்பிப் பாக்கேல்லையா?"

சாந்தினி அடுப்படியில் இருந்து நடந்ததைச் சொன்னாள். ஆரணி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கலாம் என்று முகத்தைத் தயார் பண்ணியும் வைத்திருந்தேன்.

"எனக்கு அனுப்பியிருக்கலாமே," என்றாள் மெல்ல. பிறகு, அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், எனக்கில்லை, தனக்கு. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இருட்ட முதல் மெட்ரோ பிடிக்க வேண்டும் என்று போய்விட்டாள். மறுநாள் எனக்கு மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றின் இணைப்பும் ஒரு சிவப்பு இதயமும் வந்தது. இரண்டையும் எப்படி எடுப்பது என்று இன்னும் யோசிக்கிறேன்.

4

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. இது நான் குகனுக்குச் செய்த முதல் கைங்கரியம் இல்லை.

கனடாவுக்கு வரமுன்னர் நாங்கள் இருவரும் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஐந்து மாதம் ஒரே அறையில் இருந்தோம். ஏஜென்ற் இன்று அனுப்புவான், நாளைக்கு அனுப்புவான் என்று இருந்த காலம். வெளியே போனால் பொலிஸ் பதிவு, உள்ளே இருந்தால் பொலிஸ் சோதனை. குகனின் பையில் அவனுடைய அண்ணையின் படம் ஒன்று இருந்தது. ஸ்ரூடியோப் படம். அண்ணை இயக்கத்துக்கென்று வீட்டை விட்டுப் போனவர் பிறகு வரவில்லை. அந்தக் குடும்பம் நாலு இடம் இடம்பெயர்ந்து மிஞ்சியது அந்த ஒரு படம்தான். சாதாரணச் சேட்டுப் போட்ட சாதாரணப் படம். எந்தப் பொலிஸ்காரனும் அதில் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஒரு மத்தியானம் குகன் தாயோடு ரெலிபோனில் கதைக்க வெளியே போயிருந்தான். நான் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கீழே ஜீப் வந்து நின்ற சத்தம். படியில் சப்பாத்துச் சத்தம். இது யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன். நான் குகனின் பையைத் திறந்து படத்தை எடுத்து, கக்கூசுக்குள் போய், நாலாகக் கிழித்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு துண்டு போகாமல் மிதந்தது. இன்னும் ஒரு வாளி ஊற்றினேன்.

பொலிஸ்காரர் முதலாம் மாடியோடு நின்றுவிட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற லொட்ஜ்காரரின் வான் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்ல வந்தவர்களாம்.

குகன் வந்ததும் சொன்னேன். அவன் தன் பையைத் திறந்து பார்த்தான், மூடினான். "சோறு ஆறப்போகுது" என்றான். அன்றிலிருந்து முப்பது வருடம், ஒருநாளும், குடிவெறியில் கூட, அந்தப் படத்தைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. இரண்டு பேரும் வடிகாலும் தண்ணீருமாய் எத்தனை சனிக்கிழமை அந்த நிலவறையில் நின்றிருப்போம்.

5

முதலாம் திகதி. பியர்பொன்ட்ஸில் இருந்து விடுதி வரைக்கும் காரில் மூன்று பொய் தயாரித்தேன். ஒன்று, வழியில் உறைந்து வெடித்துவிட்டது. இரண்டு, புளித்துவிட்டது. மூன்று, சாந்தினி. மூன்றாவது நல்ல பொய். அவள்மேல் எதைப் போட்டாலும் குகன் நம்புவான்.

குகனின் கட்டிலுக்குப் பக்கத்தில் யன்னல். யன்னலுக்கு வெளியே தரிப்பிடமும் பனி அள்ளும் இயந்திரமும். உள்ளே போகும்போது தாதி அவனிடம் குனிந்து, உங்கள் சகோதரர் வந்திருக்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னாள். விடுதிப் படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் அவன் அப்படித்தான் எழுதியிருந்தான்.

"கொண்டுவந்தனியோ?" கண் திறக்காமலே கேட்டான்.

"குகன், ஒரு விஷயம்."

"வெடிச்சிட்டுதோ?"

"இல்லை."

"சாந்தினி ஊத்திப்போட்டாவோ?"

நல்ல பொய்யை அவனே எடுத்து நீட்டினான். வாங்க முடியவில்லை. "ஊத்தினதுதான். நான்தான் ஊத்தினனான்" என்றேன். கடிதம், பரிசோதகர், மற்றப் பக்கம், எல்லாம் சொன்னேன். சொல்ல வேறொன்றும் இல்லாமல், பொக்கற்றுக்குள் இருந்த மூடிகளை அள்ளிப் போர்வையில் வைத்தேன். அவன் ஒன்றை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான்.

"பதினாலு," என்றான். "ஒண்டும் மிச்சமில்லையோ?"

"இல்லை."

"ஒண்டும்?"

"ஒண்டும்."

போர்வை நடுங்கத் தொடங்கியது. வலி என்று நினைத்து மணியை அழுத்தக் கையை நீட்டினேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை, மூடிகள் மட்டும் போர்வையிலிருந்து சரிந்து தரையில் விழுந்தன. "வடிகால் பாக்க வாறவனுக்குப் பயந்து, அந்த வடிகாலுக்குள்ளையே ஊத்தின ஆள் உலகத்திலை நீ ஒருத்தன்தான்ரா, ரவி."

நான் குனிந்து மூடிகளைப் பொறுக்கினேன். முகத்தைக் காட்டாமல் இருக்க அது நல்ல வேலை. மேலேயிருந்து அவன் குரல் வந்தது.

"ஊத்தேக்கை நக்கிப் பாத்தனியோ?"

"ஓம்."

"எத்தினையாவது?"

"பத்தொன்பது."

"அதுமட்டும் நக்காமல் நிண்டனியோ. பயந்தாங்கொள்ளி. சரி சொல்லு, எப்பிடி?"

நிமிர்ந்து கதிரையில் இருந்தேன். "முதல் கைப்பு. கோப்பிக் கைப்பில்லை. பாண் கருகினா அந்தக் கரையிலை வாற கைப்பு. பேந்து பனங்கட்டி வந்தது. இனிப்பில்லை, இனிப்பெல்லாத்தையும் ஈஸ்ட் திண்டிட்டுது. அந்தப் புகை மணம் மட்டும் கிடக்கு. கடைசியிலை கொஞ்சம் உப்பு."

"உப்பு உன்ரை கை."

"இருக்கும்."

"நுரை?"

"அடங்கவேயில்லை. வடிகால் வாயிலை தொப்பி மாதிரி நிண்டது."

"அப்ப, வந்திருக்கு."

"வந்திருக்கு, குகன்."

அவன் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தான். பனி அள்ளும் இயந்திரம் பின்னுக்கு வரும்போது போடும் சத்தம் நின்றது.

"டேய், அண்ணையின்ரை படம்," என்றான்.

என் கையில் இருந்த மூடிகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"முகம் வருதில்லையடா. ஒரு மாசமாய்ப் பாக்கிறன். மருந்தோ என்னவோ. குரல் வருது, சைக்கிளிலை வாறது வருது. முகம் வருதில்லை. நீ கிழிக்கேக்கை பாத்தனிதானே?"

"பாத்தனான்."

"சொல்லு."

உண்மையில் அந்தப் படத்தை என்னளவுக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் நாலாகக் கிழித்தவன். ஒவ்வொரு துண்டாகப் பார்த்தவன். முப்பது வருடமாக, பல்லுத் தீட்டும்போதும், நாற்பதாம் நெடுஞ்சாலையில் சிக்கி நிற்கும்போதும் அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து போயிருக்கின்றன. சொன்னேன். கோடு போட்ட சேட்டு. கொலர் ஒரு பக்கம் மடிந்திருக்கும், படம்பிடிக்கிறவர் கவனிக்கவில்லை. பொக்கற்றில் பேனை. வலப்பக்கம் வகிடு. மேல் பல்லு ஒன்று மற்றதில் ஏறியிருக்கும், அதை மறைக்க வாயை மூடிச் சிரிக்கப் பார்த்து, ஒரு பக்கம் மட்டும் மூடியிருக்கும். காது உன்ரை காதுதான். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு.

"எந்தப் புருவம்?"

"எங்களுக்கு வலப்பக்கம். அவருக்கு இடது."

குகன் கண்ணை மூடினான். "அது நான் எறிஞ்ச கல்லு," என்றான். "மாங்காய்க்கு எறிஞ்சது. அம்மாட்டை விழுந்தனான் எண்டு சொன்னவர்."

பிறகு, "இப்ப வருது," என்றான்.

6

அன்றைக்கு இலக்கு எழுதக் கலண்டர் தாள் கொண்டுபோகவில்லை. எழுதுவோம் என்று நான் நினைக்கவில்லை. குகன் சாப்பாட்டுத் தட்டில் கிடந்த உணவுப் பட்டியல் தாளைத் திருப்பி, எழுது என்றான்.

"ஒண்டு. உடனை காய்ச்சு. ரெண்டு கிழமையிலை குடிக்கக்கூடியதாய். ரெண்டு. எந்தக் கடிதமெண்டாலும் மற்றப் பக்கம் பார்."

"மூண்டு?"

"பேந்து சொல்லுறன்."

"மிச்சத்தைச் சித்திரையிலை..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. நிறுத்தினேன்.

"சித்திரையிலை நீ தனிய எழுது," என்றான். பிறகு களைத்துப் போனான்.

அடுத்த நாளே காய்ச்சினேன். தனியாகக் காய்ச்சியது அதுதான் முதல் தடவை. இரண்டு கை போதாத வேலை ஒன்றுமில்லை அதில். ஆனால் எதையும் இருமுறை பார்க்க வேண்டியிருந்தது. திரை மூடியிருந்தது. திறக்க ஆளில்லாததால் மூடவும் வேண்டியிருக்கவில்லை. மெல்லிய வெளிர் பியர், வெக்கையில் வேகமாக வேலை செய்யும் ஈஸ்ட். பெரிய கண்ணாடிக் குடத்தை, வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் வைத்துப் போர்வை சுற்றினேன். மூடியில் இருக்கும் சின்னக் குழாய்க்குள் குமிழி விடும்போதெல்லாம் நான் எண்ணினேன். எண்ணினால் வேகம் கூடும் என்று ஒரு நினைப்பு.

இரண்டு கிழமைக்கு நேரமில்லை என்று ஏழாம் நாள் தாதி ரெலிபோனில் சொன்னாள். சொல்லவில்லை, பிரெஞ்சில் சுற்றி வளைத்தாள். இந்த விஷயத்துக்கு என் பிரெஞ்சு காணும். குடத்திலிருந்து அப்படியே ஒரு சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டு போனேன். கலங்கல், நுரையில்லை, வெதுவெதுப்பு. கடையில் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

அவனுக்கு விழுங்க ஏலாது. வாய் ஈரமாக்க, குச்சியின் நுனியில் இளஞ்சிவப்புப் பஞ்சு வைத்த ஒன்று அங்கே இருக்கும். தாதி அதில் ஒன்றை எடுத்து என்னிடம் தந்து, போத்தலைப் பார்த்து, தலையை ஆட்டினாள். தோய்த்து அவன் உதட்டில் வைத்தேன். குழந்தைப் பிள்ளை மாதிரிச் சப்பினான். இரண்டாம் தரமும் தோய்த்தேன்.

"பனங்கட்டி போடேல்லையோ?" என்றான். குரல் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"இல்லையடா. அவசரத்திலை."

"அடுத்தமுறை போடு."

வீட்டுக்கு வந்து பட்டியல் தாளில் எழுதினேன். மூன்று: பனங்கட்டி போடுதல்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் அவன் போனான். நான் களஞ்சியத்தில் அவனுடைய கம்பனிக் கொள்கலன் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன்.

இங்கே சாவதற்கு நிறையப் படிவம் தேவை. அலுவலகத்தில் இருந்த பெண் விடுதித் தாளைப் பார்த்து, சகோதரர் என்றால் அதற்குச் சான்று வேண்டும் என்றாள். அன்பாகத்தான் கேட்டாள். சான்று இல்லை என்றேன். அப்படியானால் சரியான உறவுமுறையை எழுதச் சொன்னாள். நண்பர் என்று எழுதினேன். இந்த நாட்டில் எத்தனையோ படிவத்தில் எத்தனையோ பயந்து பயந்து எழுதியிருக்கிறேன். அந்தப் படிவத்தில் உண்மையைத்தான் எழுதினேன், அதுதான் பொய் மாதிரி இருந்தது.

7

சனவரியின் கடைசிச் சனிக்கிழமை பனங்கட்டி போட்டுக் காய்ச்சினேன். தமிழ்க் கடையில் இருந்த ஆறு ஓலைக்குட்டான் பனங்கட்டியையும் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது.

பரிசோதகர் இளம் பெண். ஆரணியைவிட இரண்டொரு வயது கூட இருக்கும். போன்ஜூர் சொல்லி, பூட்சுக்கு மேல் நீல உறை மாட்டி, நிலவறை எங்கே என்று கேட்டாள். பதின்மூன்று படி. அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. கறுப்புப் பியர் நிறைந்த குடம் நடு நிலவறையில், போர்வை சுற்றி, குழாயில் குமிழி விட்டுக்கொண்டு நிற்கிறது. மறைக்க முடியாது, முழு நிலவறையும் பாணும் பனங்கட்டியுமாய் மணக்கிறது. மூடிய திரைக்குள் அது இன்னும் பெரிய குற்றம் போலத் தெரிந்தது.

சங்கிலி தொடங்கியது. வியாபாரி, அனுமதிப் பத்திரம், கோப்பு. குடத்தைத் தூக்கினால் வடிகால் நாலு அடிதான். என் கைகளுக்கு வழி தெரியும். கைகளை இரண்டு பொக்கற்றுக்குள்ளும் போட்டேன். குளிர்ச் சட்டைதான் போட்டிருந்தேன். மூடிகள் உள்ளே கிடந்தன. விரலால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் வடிகாலின் முன் முழங்கால் போட்டு, மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே கையை விட்டு எதையோ அசைத்தாள். பிறகு எழும்பி மூக்கைச் சுருக்கி, சுற்றிப் பார்த்தாள்.

என் அப்பாவும் இது செய்கிறவர் என்றாள். மெதுவாகச் சொன்னாள், எனக்கு விளங்கட்டும் என்று. எப்போது குடிக்கலாம் என்று கேட்டாள்.

ஒரு வருடம் என்றேன்.

அவ்வளவு பொறுமை அப்பாவுக்கு இல்லை என்றாள். யன்னலுக்குப் போய், வெளிச்சம் போதவில்லை என்று திரையை விலக்கிவிட்டு, கையில் இருந்த தாளில் ஏதோ எழுதிக் கிழித்து எனக்கு ஒரு பிரதி தந்தாள். மெர்சி சொல்லி, படி ஏறிப் போய்விட்டாள்.

தாளில் மூன்று இடத்தில் சரி போட்டிருந்தது. ஆரணிக்குப் படமெடுத்து அனுப்பப் போனை எடுத்தேன். அதற்கு முன் ஞாபகம் வந்து, திருப்பி மற்றப் பக்கத்தைப் பார்த்தேன்.

வெறுமையாக இருந்தது.